பாத்தியில் ஊன்றிய குன்றிமணி

அவளை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற மஞ்சள் வேனை ஓட்டுகிறவள். பிள்ளைகள் அக்கா என்றால் பரவாயில்லை, அவளைவிட மூத்த அப்பாக்களும் அக்கா என்பார்கள். கோபம் வந்தால் கட்டிய புருஷனே, "வேன் அக்கா, கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால், பயம் கிலோ என்ன விலை என்று கேட்பாள் போலிருக்கும். உண்மை வேறு. காலையில் சாவியைத் திருகும்போதே அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். ஊரார் பெற்ற பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்க, கண்ணாடியில் ஒரு கண்ணும் சாலையில் ஒரு கண்ணுமாகப் போவாள். எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு கடைசி இருக்கைவரை நடந்துபோய், கிழிந்த ரெக்சினுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். தூங்கிப்போன ஒரு குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட செய்தியை எப்போதோ கேட்டதிலிருந்து இந்தப் பழக்கம். சில நாள் வீட்டுவாசல் வரை வந்துவிட்டு, மனசு கேட்காமல் திரும்பிப் போய் மறுபடியும் பார்ப்பாள்.

"இவ்வளவு பயம்னா எதுக்கு இந்த வேலை?" என்று புருஷன் கேட்பான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதையும் தட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன்.

"பயப்படாதவங்களை நம்பிப் பிள்ளைங்கள அனுப்ப முடியுமா?" என்பாள் அவள்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, அவளும் அம்மாவின் வேனில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். சின்னவளுக்கு இன்னும் நாலு முடியவில்லை. துறுதுறுவென்று எதையாவது குடைந்துகொண்டே இருப்பதால் சுண்டெலி என்று பெயர். ஊர்ப்பிள்ளைகளை நாளெல்லாம் பார்க்கிற அவளுக்குத் தன் பிள்ளைகளைப் பார்க்க நேரமில்லை. சாயங்காலம் பெரியவளை வீட்டில் இறக்கிவிட்டு, மற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தால் இரண்டும் ஒரு பழைய போனுக்கு முன்னால் பசை போட்டு ஒட்டியதுபோல உட்கார்ந்திருக்கும். ஒருநாள் வெளியே சோவென்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுண்டெலி சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் மழை பெய்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது அம்மாவுக்குச் சுருக்கென்றது.

அந்த வாரமே பின்கட்டைச் சுத்தம் செய்து தோட்டம் போடலாம் என்றாள். சமையலறைக் கதவைத் திறந்தால் நாலெட்டு அகலத்துக்கு ஒரு வெற்றிடம். உடைந்த ஓடுகள், காய்ந்த பெயிண்ட் டப்பாக்கள், யாரோ விட்டுப்போன ஒரு விரிசல் விட்ட வாஷ்பேசின்.

"இங்க தோட்டமா? இடம் பத்தலன்னு பல்லியே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு" என்றான் மெக்கானிக். ஆனாலும் மறுநாளே பழைய ஃபிரிட்ஜ்களிலிருந்து கழற்றிய காய்கறிப் பெட்டிகளைச் செடி வைக்கத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவள் தன் பாணியில் வேலையைத் தொடங்கினாள். மண் முழுவதையும் மணல் சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தாள். கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி, பிளேடு எது இருந்தாலும் சிக்கட்டும் என்று. பிள்ளைகளுக்குச் செருப்பு போதாது, ஷூ வேண்டும் என்றாள். வாளியில் கால்வாசிக்குமேல் தண்ணீர் வைக்கக் கூடாது என்றாள். மண்வெட்டியைப் பெரியவள் தொடக் கூடாது. வெயிலில் அரைமணிக்குமேல் நிற்கக் கூடாது. "இனி மூச்சு விடறதுக்கும் ஒரு சட்டம் போட்டுடு" என்று அவன் கேலி செய்தான். பயப்பட வேண்டியதற்கெல்லாம் பயந்து முடித்துவிட்டோம் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆளுக்கொரு பாத்தி. அவரவருக்குப் பிடித்த விதையை அவரவரே கொண்டு வந்து ஊன்ற வேண்டும். பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஆசை வரும் என்று அவள் சொன்ன யோசனை. அவன் அவரைவிதை வாங்கி வந்தான். அவள் கீரையும் முள்ளங்கியும் வாங்கினாள். பெரியவள் மட்டும், "என்னோடது சஸ்பென்ஸ்" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே குன்றிமணிகள். ரத்தச் சிவப்பு, உச்சியில் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கறுப்பு.

"எங்கடி கிடைச்சுது? எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் அம்மா.

"ஸ்கூல் வேலிலம்மா. நீ எல்லாரையும் ஏத்துற வரைக்கும் நின்னு பொறுக்குவேன்."

மெக்கானிக் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "தோல் கல்லு மாதிரி இருக்கு. அப்படியே போட்டா முளைக்காது. லேசா தட்டி உடைச்சுப் போடு."

பெரியவள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பாதி விதைகளைத் தட்டினாள். அம்மா விரலால் குழி போட்டுக் கொடுத்தாள். சுண்டெலி பக்கத்திலேயே குந்தி, மண்ணை அள்ளி மூடுகிறேன் என்று தோண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் அவனுக்குப் போன் வந்தது. ஐஸ்கிரீம் கடையில் ஃப்ரீசர் நின்றுவிட்டதாம், எல்லாம் உருகுதாம். அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். உள்ளே அடுப்பில் பால் பொங்கித் தீய்கிற வாசனை வந்தது. "தங்கச்சியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, வழிந்த பாலைத் துடைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் நேரம்.

திரும்பி வந்தபோது பெரியவள் குழாயடியில் பூவாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். சுண்டெலி பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மென்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் மண்.

"என்னடி வாயில? ஆ காட்டு."

விரலை விட்டுத் துழாவினாள். மண் வந்தது. அப்புறம் சிவப்பாக ஒரு சில்லு, பாதி விதை.

அப்போதுகூட அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வாயைக் கொப்பளிக்க வைத்தாள். வேனில் வரும் ஒரு பையனின் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மண்ணைத் தின்றிருக்கிறாளே, பூச்சி மருந்து ஏதும் கொடுக்கணுமா என்று கேட்கத்தான் அவருக்குப் போன் போட்டாள்.

"என்ன விதைன்னு சொன்னீங்க அக்கா?" என்றார் நர்ஸ்.

"குன்றிமணி. சிவப்பா, மேல கறுப்பா இருக்குமே."

 நர்ஸின் குரல் மாறிவிட்டது. "மென்னாளா, முழுங்கினாளா?"

"தெரியலையே. பாதிதான் வாயில இருந்துச்சு. ஏன்?"

"அது விஷம் அக்கா. முழுசா முழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும். உடைஞ்சிருந்தா கஷ்டம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்தத் துண்டையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க. நான் டியூட்டிலதான் இருக்கேன்."

அவள் திரும்பினாள். பாத்தியின் ஓரத்தில் கிடந்த கல்லைப் பார்த்தாள். அதில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. உடைந்திருந்தால் கஷ்டம். நாங்களே உட்கார்ந்து உடைத்துக் கொடுத்திருக்கிறோம்.

பெரியவளை மாடி வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, சுண்டெலியை முன்சீட்டில் போட்டு பெல்ட்டை இறுக்கினாள். போகும்போதே புருஷனுக்குப் போன் செய்தாள்.  கியர் மாற்றும்போது வண்டி உறுமியது. பக்கத்தில் சுண்டெலி கால்களை ஆட்டிக்கொண்டு, "வேன்ல யாருமே இல்லையே, நான் மட்டும்தானா?" என்று குஷியாகக் கேட்டாள். அந்தக் குஷியைக் கேட்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா. தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தார், சிரிக்கவே இல்லை. கண்ணையும் வயிற்றையும் பார்த்தார். துண்டு விதையை விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை சாப்பிட்டா?"

"ஒண்ணு இருக்கும்னு..."

"யூகமா சொல்லாதீங்கம்மா. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. வீட்ல யாராவது மிச்ச விதையை எண்ண முடியுமா?"

மிச்ச விதைகள் மண்ணுக்குள் இருந்தன.

அதற்குள் மெக்கானிக் வீட்டுக்கு வந்துவிட்டான். காலையில் நான்கு பேருமாகச் சிரித்துக்கொண்டே போட்ட பாத்தியை அவன் இரண்டு கையாலும் கிளறினான். பிடிபிடியாக அள்ளிச் சல்லடையில் போட்டான். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, சல்லடையில் தங்கிய சிவப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.  

"மொத்தம் எத்தனை வச்சிருந்தே? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லும்மா."

"இருபத்திரண்டு. வேன்ல வரும்போதே எண்ணினேன்."

தட்டில் பத்தொன்பது இருந்தது. இன்னொரு முறை சலித்தும் பத்தொன்பதுதான். போனில் அதைக் கேட்டபோது, ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றிருந்த வேன் அக்கா விரல் விட்டுக் கழித்துப் பார்த்தாள். பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்று.

போனில் அவனுக்குப் பின்னாலிருந்து பெரியவளின் அழுகுரல் கேட்டது. "அப்பா, ஒண்ணு கண்ணாடிக்குக் குடுத்தேன். வெள்ளிக்கிழமை, வேன்ல."

கண்ணாடி என்பது வேனில் பெரியவளோடு உட்காருகிற தடித்த மூக்குக்கண்ணாடிக்காரச் சிறுமி. வேன் அக்காவுக்கு ஒரு பயத்தின் மேல் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. தன் பிள்ளை கண்ணெதிரே இருக்கிறாள். அந்தப் பிள்ளை? வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு நாள் போய்விட்டதே. அந்த வீட்டு எண்ணைத் தேடி எடுப்பதற்குள் போன் இரண்டு தரம் கையிலிருந்து நழுவியது.

"பாப்பா எப்படி இருக்கா? ஒண்ணும் பயப்படாதீங்க," என்று பயந்த குரலில் சொன்னாள். "அவகிட்ட ஒரு சிவப்பு விதை இருக்கான்னு பாருங்க. இப்பவே பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த அம்மா பையைக் கொட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பென்சில் உருளுகிற சத்தம். "என்னங்க ஆச்சு?" என்று அந்தப் பிள்ளையின் அப்பா குரல். அப்புறம், "இருக்குங்க அக்கா. ரப்பர் டப்பாக்குள்ள வச்சிருக்கா."

அவள் நடைவழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி உள்ளே கட்டிலில் கிடந்தது.

ஆக, கணக்கில் வராதது இரண்டு. ஒன்றின் பாதி டாக்டரம்மாவின் மேஜையில் இருந்தது, மறுபாதி வயிற்றுக்குள். இன்னொன்று உடைந்ததா, முழுசா, வயிற்றிலா, மண்ணிலா, யாருக்கும் தெரியாது.

விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். சுண்டெலி பாதியைக் குடித்து மீதியை அம்மாவின் சட்டையில் துப்பினாள். உதடு, பல், மோவாய் எல்லாம் கன்னங்கரேல் என்று ஆனது. கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

"இப்ப நல்லாத்தானே இருக்கா டாக்டர்? விளையாடுறாளே."

"இப்ப நல்லா இருக்கறதை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. இது மெதுவாத்தான் காட்டும். ரெண்டு மூணு நாள் பார்க்கணும்."

மெதுவாகத்தான் காட்டும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தை கொட்டாவி விட்டால் பயம். தூங்கினால் பயம், மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் கேட்டால், ஏன் இவ்வளவு தாகம் என்று பயம். சாயங்காலம் சுண்டெலி வாந்தி எடுத்தாள். கறுப்பாக எடுத்தாள், கரித்தூள்தான் என்றார்கள். மறுபடியும் எடுத்தாள். காலையில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. குஷியாகக் காலாட்டிய பிள்ளை துவண்ட கீரைத்தண்டு மாதிரி கிடந்து, "வயிறு வலிக்குதும்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அடிக்கடி வந்து ரத்தம் எடுத்துப் போனார். அவர் முகத்தைப் படிக்கப் பார்த்துப் பார்த்து இவளுக்குக் கண் எரிந்தது. அந்த முகம் மூடிய கதவு மாதிரி இருந்தது.

மெக்கானிக் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நகக்கண்ணில் மண் போகவில்லை. "உடைச்சுப் போடுன்னு நான்தான் சொன்னேன்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மூன்றாம் நாள் காலையில், பெட்பேனில் அந்த இன்னொரு விதை முழுசாக, பளபளவென்று வந்து விழுந்தது. நர்ஸ் ஓடிவந்து பார்த்தார். டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இவ்வளவு பேர் கூடி வேடிக்கை பார்த்ததா சரித்திரமே இருக்காது" என்றான். வேன் அக்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாந்தி நின்றது. ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது. சுண்டெலி பிஸ்கட் கேட்டாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் பின்கட்டைத் திறந்து பார்த்தாள். சலித்துக் குவித்த மண் ஒரு பக்கம், கவிழ்ந்த பெட்டிகள் ஒரு பக்கம். மூலையில் சிமெண்ட் மூட்டை ஒன்று புதிதாக நின்றது.

"பூசிடலாம்" என்றான் அவன்.

"பூசிடுங்க" என்றாள்.

ஆனால் அவள் மனசு அங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தபோதே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பெரியவளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்குப் போனாள். வருடக்கணக்காக அவள் வேனை நிறுத்துகிற இடம். கொடி வேலி முழுக்கப் படர்ந்திருந்தது. காய்ந்த நெற்றுகள் வாய் பிளந்து, வரிசை வரிசையாகச் சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரம். கீழே தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. தினமும் இங்கேதான் அவள் ஹாரன் அடித்து, "ஓடாதீங்க, மெதுவா ஏறுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். 

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் முகம் வெளுத்துவிட்டது. ஆள் வைத்துக் கொடியை வேரோடு பிடுங்குகிறேன் என்றார். ஆள் வரும்வரை காத்திருக்க வேன் அக்காவால் முடியவில்லை. வேனிலிருந்த கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு நெற்றுகளைப் பறித்து வாளியில் போட ஆரம்பித்தாள்.

பெரியவள் தள்ளி நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசவில்லை.

"இதைக் கொண்டு வந்தது நீ. அழகா இருக்குன்னு சொன்னது நான். குழி போட்டுக் குடுத்ததும் நான்" என்றாள் அம்மா, பறிப்பதை நிறுத்தாமல். "உங்கப்பா உடைக்கச் சொன்னார். எங்க யாருக்குமே தெரியலடி. பெரியவங்க எங்களுக்கே தெரியல."

"சுண்டெலியக் கொன்னுட்டேன்னு நினைச்சேன்" என்றாள் பெரியவள். மெல்லத்தான் சொன்னாள்.

அம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சாலையில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்புறம் பெரியவள் குனிந்து கையுறையை எடுத்து, தன் சின்னக் கையில் தொளதொளவென்று மாட்டிக்கொண்டாள். தரையில் கிடந்ததையெல்லாம் அவள்தான் பொறுக்கினாள். மறுநாள் வேனில் ஏறிய ஒவ்வொரு பிள்ளையின் பையையும் டப்பாவையும் வேன் அக்கா திறந்து பார்த்தாள். இன்னும் மூன்று பேரிடம் இருந்தது.

சிமெண்ட் பூசுகிற பேச்சு தள்ளிக்கொண்டே போனது. வேலைதான் காரணம் என்று அவன் சொன்னான். ஒரு மழைக்குப் பிறகு, சிந்திக் கிடந்த முள்ளங்கி விதைகள் தாமாகவே முளைத்துவிட்டன. பிடுங்கவும் மனம் வரவில்லை, அதைப் பார்த்தால் வருகிற பயம் போகவும் இல்லை. சாப்பிடுகிற செடி மட்டும் என்று ஒரு புதுச் சட்டம் போட்டாள். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. அவரையும் கீரையும் வந்தன. பிள்ளைகள் பின்கட்டில் இருந்தால் அவள் உள்ளே போகவே மாட்டாள். பால் பொங்கினால் பொங்கட்டும்.

பெரியவள் மட்டும் பல வாரம் மண்ணைத் தொடவில்லை. படியில் உட்கார்ந்து தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சுண்டெலிக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்லை. ஆனால் எதை எடுத்தாலும், "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இலையைக் காட்டிக் கேட்பாள், சோப்பைக் காட்டிக் கேட்பாள், வேன் சாவியைக் காட்டியும் கேட்பாள்.

ஒருநாள் சாயங்காலம் சுண்டெலி ஒரு முள்ளங்கியின் இலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது வருவதாக இல்லை. இழுத்த வேகத்தில் தொப்பென்று பின்னால் விழுந்தாள். "அக்கா, வா. இது என்னைப் பிடிச்சு உள்ள இழுக்குது" என்று கத்தினாள்.

பெரியவள் படியிலிருந்து எழுந்தாள். கொஞ்சம் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் பயத்தை முகத்தில் காட்டாமல் தலையை ஆட்டினாள். பெரியவள் இறங்கிப் போய், தங்கைக்குப் பின்னால் குந்தி, அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"இழுக்காத. முதல்ல சுத்தி மண்ணைத் தளர்த்தணும்" என்றாள்.